பிள்ளை ‘கேரியர்’ என்று ரிப்போர்ட் வந்தால்

நீலகிரிப் பழங்குடியினரிடையே சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணு இருப்பது 1952இலேயே மருத்துவ இதழில் பதிவானது. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டது. சோதனை பெருகும்போது ‘உங்கள் பிள்ளை கேரியர்’ என்ற செய்தியும் பல வீடுகளுக்குப் போகும். கூடவே வதந்தியும் போகும்.

நம்பிக்கை: கேரியர் என்றால் நோயின் ஆரம்பக் கட்டம், வயதானால் முற்றிவிடும்.

உண்மை: முற்றாது. ஹீமோகுளோபினுக்கான ஒரு மரபணுவை அப்பாவிடமிருந்தும் இன்னொன்றை அம்மாவிடமிருந்தும் பெறுகிறோம். இரண்டிலும் பழுது இருந்தால் நோய். ஒன்றில் மட்டும் இருந்தால் கேரியர், ரிப்போர்ட்டில் ‘ஏ.எஸ்.’ என்றிருக்கும். பிறக்கும்போது ஏ.எஸ். என்றால் கடைசிவரை ஏ.எஸ்.தான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. முகாம்களில் முதலில் செய்யும் எளிய கரைதிறன் சோதனை, கேரியருக்கும் நோயாளிக்கும் ஒரே மாதிரி ‘பாசிட்டிவ்’ காட்டும். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுத் தூக்கம் தொலைக்காதீர்கள். எச்.பி.எல்.சி. அல்லது எலெக்ட்ரோபோரெசிஸ் என்ற ஆய்வகச் சோதனை செய்தால்தான் எது என்று தெரியும். பச்சிளம் குழந்தைக்குக் கரைதிறன் சோதனையை நம்பவே கூடாது. கருவிலிருந்து வந்த ஹீமோகுளோபின் பழுதை மறைத்துவிடும்.

நம்பிக்கை: பிள்ளை சோர்வாக இருப்பது இதனால்தான்; இரும்புச்சத்து டானிக் கொடுத்தால் போய்விடும்.

உண்மை: கேரியராக இருப்பதால் மட்டும் பொதுவாக ரத்தசோகை வராது. சோகை இருந்தால் குடற்புழு, சத்துக்குறைவு என்று வேறு காரணத்தைத் தேடுங்கள். மரபணுவை எந்த டானிக்கும் மாற்றாது.

நம்பிக்கை: ஓடவிடக் கூடாது, விளையாடவிடக் கூடாது.

உண்மை: தாராளமாக விளையாடட்டும். கடும் வெயிலில், தண்ணீர் குடிக்காமல், உடம்பை வருத்திப் பயிற்சி செய்வதுதான் அரிதாக ஆபத்தாகும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம்பிக்கை: இது அம்மா வழியில் வரும் குறை.

உண்மை: அப்பாவிடமிருந்தும் அதே அளவு வரும். மருமகளைப் பழிக்கும் மாமியார் முதலில் தன் மகனைச் சோதனைக்கு அனுப்பட்டும். குறை என்ற பேச்சும் வேண்டாம். இந்த மரபணு ஒன்று மட்டும் இருப்பவர்களைக் கடுமையான மலேரியா அவ்வளவாகத் தாக்குவதில்லை என்று 1954இல் ஆய்வாளர் ஆண்டனி அல்லிசன் காட்டினார். மலேரியா இருந்த நிலங்களில் இது தலைமுறை தலைமுறையாக நிலைத்தது அதனால்தான். அதற்காகக் கொசுவலையைத் தூக்கி எறிய வேண்டாம். முழுப் பாதுகாப்பு அல்ல அது.

நம்பிக்கை: பெற்றோர் இருவரும் கேரியர் என்றால் நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்குத்தான் நோய் வரும், ஒன்றுக்கு வந்துவிட்டால் மற்றவை தப்பின.

உண்மை: மிக ஆபத்தான தவறு இதுதான். ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு புதிதாக வருகிறது. மூத்ததற்கு நோய் இருப்பது இளையதைக் காப்பாற்றாது. ஒருவர் சிக்கிள் செல் கேரியர், மற்றவர் பீட்டா தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோயின் கேரியர் என்றாலும் பிள்ளைக்கு நோய் வரலாம்.

ஆகவே பிள்ளையின் ரிப்போர்ட் முதலில் பெற்றோருக்கான செய்தி. அடுத்த குழந்தைக்கு முன் இருவரும் எச்.பி.எல்.சி. செய்துகொள்ளுங்கள். ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்தி, பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு வருவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.