தாயற்ற வாத்துக்குஞ்சுகள்

வாத்துக்குஞ்சு பிறவியிலேயே நீந்தத் தெரிந்தது என்பது நாம் எல்லோரும் அறிந்த செய்தி. அது பொய்யன்று. ஆயினும், தாயின்றிப் பொரித்த குஞ்சை முதல் வாரத்திலேயே குளத்தில் விட்டால், அது நனைந்து, விறைத்து, மாண்டு போகக்கூடும். நீர்ப்பறவையின் குஞ்சை நீரிடமிருந்தே காக்க வேண்டியிருக்கிறது! இந்த விந்தையைப் புரிந்துகொண்டவர், வாத்து வளர்ப்பில் பாதிப் பாடத்தைக் கற்றவராவார்.

நான் விலங்கியல் முதுகலை மாணவன். பிழைப்பை நாடி வங்காளம் வந்த தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை. நாம் பயிலும் இம்மாநிலம், அஸ்ஸாமைப் போலவே, வாத்து வளர்ப்பில் நாட்டிலேயே முன்னணியில் நிற்பது. கிராமத்து வீட்டின் பின்புறம் ஒரு சிறு குளம், அதில் நாலைந்து வாத்துகள் என்பது இங்கு அன்றாடக் காட்சி. முட்டை விற்ற பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. களப்பணிக்குச் சென்ற ஓர் ஊரில், மாஷிமா ஒருவர் வாங்கிய 20 குஞ்சுகளில் 14 குஞ்சுகள் ஒரே மழையிரவில் இறந்து கிடந்ததைக் கண்டேன். நோய் ஒன்றுமில்லை, ஈரமும் குளிருமே காரணம். "குளத்திலே விட்டிருந்தால் பிழைத்திருக்குமே" என்று அவர் வருந்தினார். அந்த எண்ணத்தை மாற்றுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

தாய் செய்யும் வேலை

பண்ணைகளில் பெரிதும் விரும்பப்படும் காக்கி காம்பெல் இனம் இங்கிலாந்தில் உருவானது. நன்கு பேணினால் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் அடைகாப்பதில் அதற்கு நாட்டமில்லை. ஆகவே அதன் முட்டைகளை அடைக்கோழியின் கீழோ பொரிப்பானிலோ வைத்து, 28 நாளில் குஞ்சு எடுக்கிறார்கள். பொரிப்பானில் பிறந்த குஞ்சுக்குத் தாயே இல்லை.

தாய் வாத்து குஞ்சுக்கு என்ன தருகிறது? முதலாவது, வெப்பம். இரண்டாவது, எண்ணெய்ப் பூச்சு. வாத்தின் வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. தாயின் சிறகடியில் படுத்துறங்கும் குஞ்சின் மென்தூவியில் அந்த எண்ணெய் படிகிறது. நீர் எளிதில் ஒட்டுவதில்லை. தாயற்ற குஞ்சுக்கு இந்தப் பாதுகாப்பு போதாது. அதன் தூவி நீரை உறிஞ்சிக் கனக்கும். உடல் வெப்பம் விரைவில் இறங்கிவிடும். தாயின் இவ்விரு வேலைகளையும் நாம் ஏற்பதற்கு அமைப்பதே 'புரூடர்' என்னும் காப்புக் கூண்டு.

காப்புக் கூண்டு

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒன்றரை அடி உயரமுள்ள மூங்கில் தட்டியை ஐந்தடி குறுக்களவில் வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். தலைக்கு ஒரு சதுர அடி வீதம் 20 குஞ்சுகளுக்கு இது போதும். மூலைகள் இருந்தால் குஞ்சுகள் அங்கே குவிந்து ஒன்றையொன்று நசுக்கும், ஆகவேதான் வட்டம். தரையில் இரண்டு அங்குலம் உலர்ந்த உமி பரப்பி, முதல் சில நாட்கள் அதன்மேல் சாக்கு விரிக்க வேண்டும். வழுக்கும் செய்தித்தாளை விரித்தால் கால்கள் விரிந்து முடமாகும்.

நடுவே, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அது வெளிச்சம் தரும், போதிய சூடு தராது. முதல் வாரம் வெப்பம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து, நான்காம் வாரத்தில் 24 டிகிரி அளவில் நிறுத்தலாம். பனிக்காலத்தில் இன்னும் ஒரு வாரம் நீட்டிக்க வேண்டும்.

வெப்பமானி இல்லையே என்று கலங்க வேண்டாம், குஞ்சுகளே வெப்பமானி. விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், விளக்கைத் தாழ்த்துங்கள். அலகைத் திறந்து இரைத்தபடி ஓரத்தில் ஒதுங்கினால் சூடு மிகுதி, உயர்த்துங்கள். எல்லாம் ஒரே பக்கம் ஒண்டினால், எதிர்ப்பக்கத்திலிருந்து குளிர்காற்று புகுகிறது. பரவலாகப் படுத்து உறங்கினால், நாமும் போய் உறங்கலாம்.

நீரும் உணவும்

குஞ்சு குளிக்கக் கூடாது; ஆனால் குடிக்கவும் அலகைக் கழுவவும் நீர் எப்போதும் வேண்டும். இல்லாவிடில் மூக்குத் துளைகள் தீவனத்தால் அடைபடும். தண்ணீர்த் தட்டில் 5 முதல் 7.5 சென்டிமீட்டர் ஆழம் போதும். தட்டைக் கம்பிவலைமேல் வைத்து, வலைக்கடியில் ஒரு தாம்பாளம் வைத்தால் சிந்தும் நீர் அதில் விழும், உமி நனையாது. நனைந்த உமியை அன்றன்றே மாற்ற வேண்டும். நான்காம் வாரத்தில் இறகுகள் நன்கு முளைத்த பின், வெயில் நாளில் சிறிது நேரம் நீந்த விடலாம்.

தீவனத்தில் பூஞ்சணம் கூடவே கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த நஞ்சே காரணமென்று புலப்பட்டது. அதுவே அஃப்ளடாக்சின். அந்நஞ்சைக் கண்டறியும் சோதனைக்கு விஞ்ஞானிகள் பயன்படுத்தியது ஒரு நாள் வாத்துக்குஞ்சுகளைத்தான். அத்தனை எளிதில் அவை அதற்கு இரையாகும்! மேலும், நயாசின் என்னும் வைட்டமின் கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு மிகுதியாக வேண்டும். குறைந்தால் கால்கள் வளையும். தீவனத்தில் சிறிது உலர்ந்த ஈஸ்ட் கலப்பது நலம்.

இரவுக் கொட்டில்

வளர்ந்த வாத்துக்கு இரவில் மூன்று சதுர அடி இடம் வேண்டும். 20 வாத்துகளுக்குப் பத்தடி நீளம், ஆறடி அகலம். கோழியைப்போல் வாத்து பரணில் ஏறாது, தரையிலேயே படுக்கும். ஆகையால் தரை மேடாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். கீரியும் பெருச்சாளியும் நுழையாதபடி அரை அங்குலக் கம்பிவலை அடித்து, அதன் அடியை மண்ணுக்குள் புதையுங்கள். கூரையை ஒட்டிக் காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள். வாத்துகள் முண்டியடித்து வெளியேறும். வாசல் அகலமாக இருக்கட்டும். காலை 9 மணிக்கு முன் கதவைத் திறவாதீர்கள். பெரும்பாலான முட்டைகள் அதற்குள் இடப்பட்டுவிடும். முன்னதாகத் திறந்தால் அவை குளத்துக்கே காணிக்கை!

அன்பர்களே! அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டத்தை ஓட்டிச் செல்வோரைத் தமிழ்நாட்டுச் சாலைகளில் நம்மில் பலர் பார்த்திருப்போம். இங்கேயோ வாத்து குளக்கரை வீடுகளின் செல்வம். முறை வேறாயினும் குஞ்சுக்கு வேண்டியது ஒன்றே. நாட்டு நலப்பணிக்காக அடுத்த முறை கிராமத்துக்குச் செல்லும்போது, ஒரு மூங்கில் தட்டியையும் ஒரு பல்பையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு வீட்டிலேனும் காப்புக் கூண்டைக் கட்டிக் காட்டுங்கள். அடுத்த வீட்டுக்கு அதை அந்த வீட்டுக்காரரே சொல்லிக் கொடுப்பார்.