துணிப் பாவைப்பிள்ளைகளைச் சுத்தம் செய்தலும் பேணலும்

ஊர் திரும்பும் குடும்பங்களின் மூட்டைகளில் பாத்திரம், பாய், பத்திரங்களோடு ஒரு துணிப் பாவைப்பிள்ளையும் இருப்பதுண்டு. அம்மம்மாவின் பழைய சீலையில் தைத்ததாக இருக்கலாம். முகாமில் யாரோ செய்து கொடுத்ததாகவும் இருக்கலாம். புது இடத்தில் நித்திரை வராத பிள்ளைக்கு அதுவே பழகிய துணை. ஆனால் ஈரமும் ஊத்தையும் ஏறிய பாவை பிள்ளைக்கு நோயையும் கொண்டுவரும். அதை எறிந்துவிடாமல் காப்பாற்றும் வழிகளை இப்பாடம் சொல்கிறது.

1. முதலில் பாதுகாப்பு

பூட்டிக் கிடந்த வீட்டிலோ வளவிலோ பாவையோ வேறு விளையாட்டுப் பொருளோ கிடந்தால் எடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். மிதிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்படாத இடத்துக்குள் எந்தப் பொருளுக்காகவும் போகக் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

2. பிள்ளையிடம் கேளுங்கள்

பிள்ளைக்குத் தெரியாமல் பாவையைத் தோய்க்கவோ எறியவோ வேண்டாம். பலவற்றை இழந்து வந்த பிள்ளைக்கு இது இன்னோர் இழப்பாகத் தெரியும். “பாவைக்குக் குளிக்க வார்ப்போம், வெயிலில் காயவிட்டுப் பின்னேரம் தருவோம்” என்று சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றவும் கொடியில் போடவும் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. தோய்க்கும் முறை

• முதலில் வெளியே வைத்து மெல்லத் தட்டி, மென்மையான பிரஷால் தூசியைப் போக்குங்கள்.
• சாயம் போகுமா என்று பாருங்கள். நனைந்த வெள்ளைத் துணியால் பாவையின் பின்பக்கத்தை அழுத்துங்கள். துணியில் நிறம் ஒட்டினால் தோய்க்க வேண்டாம். நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் ஒற்றி எடுத்தாற் போதும்.
• உள்ளே இலவம்பஞ்சு இருந்தால் முழுதாக ஊறவைக்கக் கூடாது. பஞ்சு கட்டியாகிவிடும், உள் ஈரம் காயாது. முதுகுத் தையலைப் பிரித்துப் பஞ்சை எடுத்து வெயிலில் உலர்த்துங்கள். மேல்துணியை மட்டும் தோயுங்கள்.
• வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரில் சவர்க்காரம் நன்றாக நுரைக்காது. வெண்படிவாகத் துணியில் ஒட்டும். சிறிதளவு சலவைத்தூளைக் கரைத்துத் தோய்த்து, இரண்டு மூன்று தரம் அலசுங்கள். கரையோரக் கிராமங்களில் கடைசி அலசலுக்கு மழைநீரோ நன்னீரோ பாவியுங்கள். உப்புத் தங்கிய துணி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.
• முறுக்கிப் பிழிய வேண்டாம். துவாயில் சுற்றி அழுத்துங்கள். நிறத் துணிகளை நிழலில், காற்றுப்படக் காயவிடுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. மாரி காலத்தில் பெரிய பாவைகளைத் தோய்க்காமல் விடுவதே நல்லது.
• கிணறு சுத்தம் செய்யத் தந்த குளோரின் தூளைப் பாவிக்க வேண்டாம். சாயம் வெளிறும், துணியும் இற்றுப்போகும்.

4. பூஞ்சணமும் எலியும்

பூஞ்சணம் பிடித்த பாவையை வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு தட்டுங்கள். உள் பஞ்சு மணத்தால் அதை எறிந்துவிட்டுப் புதிதாக அடையுங்கள். எலி கூடு கட்டிய, சிறுநீர் பட்ட பாவையை வெறுங்கையால் தொட வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாலும் வரலாம். அதை அழித்துவிடுவதே பாதுகாப்பு.

5. பழுது பார்த்தல்

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பாவையில் பொத்தான், மணி, ஊசி எதுவும் இருக்கக் கூடாது; விழுங்கினால் மூச்சடைக்கும். கண்ணையும் வாயையும் நூலால் தைத்து விடுங்கள். தைத்து முடிந்ததும் ஊசிகளை எண்ணிப் பாருங்கள்.

6. எடுத்து வைத்தல்

நன்றாகக் காய்ந்த பாவையைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, உலர்ந்த வேப்பிலையோடு பனையோலைப் பெட்டியிலோ டிரங்குப் பெட்டியிலோ வையுங்கள். பெட்டியைக் கல் மேல், சுவரில் முட்டாமல் வைத்தால் கறையானைக் கவனிக்கலாம். பொலித்தீன் பையில் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சி உருண்டை வேண்டாம். இனிப்பென்று நினைத்துச் சிறு பிள்ளைகள் வாயில் போட்டால் உயிராபத்து.

7. தோய்க்காமல் வைக்க வேண்டியவை

இறந்தவரின் அல்லது காணாமற்போனவரின் உடுப்பில் தைத்த பாவை என்றால் அவசரப்பட வேண்டாம். அதில் இருக்கும் மணம் சிலருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே நினைவு. தூசியை மட்டும் தட்டி, நிழலில் காற்றாட விடுங்கள். தோய்ப்பதா இல்லையா என்பதை அந்தக் குடும்பத்தவரே தீர்மானிக்கட்டும்.

8. சேர்ந்து செய்யுங்கள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், புதுச்சேரிக்கு அருகேயுள்ள ஆரோவில்லில் உபாசனா என்ற நிறுவனம், பாதிக்கப்பட்ட மீனவப் பெண்களுக்குத் துணி வெட்டி மிஞ்சிய துண்டுகளால் சின்னப் பாவைகள் செய்யப் பழக்கியது. “சுனாமிகா” என்ற அப்பாவை விற்கப்படுவதில்லை, பரிசாகவே கொடுக்கப்படுகிறது. செய்த பெண்களுக்கு அந்தக் கைவேலையே ஆறுதலாகவும் அமைந்தது.

உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு பழைய பாவையும் ஊசி நூலும் கொண்டு வாருங்கள். தையல் தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக் கொடுக்கட்டும். பாவை இல்லாத பிள்ளைகள் ஊரில் இருந்தால், மிஞ்சிய துணியில் அவர்களுக்கும் ஒன்று தையுங்கள்.