நிதி உதவியும் கிணற்றுப் பதிவேடும்

வறண்ட பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் குளம் தூர்ந்துபோய், கிணறுகளின் நீர்மட்டம் ஆண்டுதோறும் இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குளத்தைச் சீர்படுத்த வேண்டும், மேட்டு நிலத்தில் மண் அரிப்பைத் தடுக்க வேண்டும் என்பதில் ஊராருக்கு ஐயமில்லை. பணம் எங்கிருந்து வரும் என்பதே அவர்கள் கவலை. இக்கேள்வி முதலில் வந்து சேருவது அங்குப் பணியாற்றும் அபிவிருத்தி ஊழியரிடமும் பள்ளி ஆசிரியரிடமுமே.

இத்தகைய வேலைகளுக்காக வளர்முக நாடுகளுக்கு உதவும் சர்வதேச நிதியங்கள் சில உள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன, அவற்றை அணுகுவதற்கு முன் கிராமத்தில் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம் யாது என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

மூன்று நிதியங்கள்

முதலாவது, உலகச் சுற்றுச்சூழல் நிதியம். இது 1991-ஆம் ஆண்டில் உலக வங்கியின் ஆதரவில் சோதனை முறையில் தொடங்கப்பெற்று, 1994-இல் திருத்தி அமைக்கப்பட்டது. இதன் பெரிய திட்டங்கள் அரசாங்கங்களின் வாயிலாக நடைபெறுகின்றன. ஆனால் 1992-இல் ஏற்பட்ட சிறு மானியத் திட்டம் கிராமச் சங்கங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நேரே உதவும் பொருட்டு அமைந்தது. அதன் மானியத்துக்குப் பல ஆண்டுகள் 50,000 டாலர் உச்சவரம்பாக இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் உரிய வரம்பை அவ்வப்போது வெளியாகும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது அந்தந்த நாட்டிலுள்ள குழு; அதில் அரசாங்கத்தைச் சாராதவர்களே பெரும்பான்மையினர்.

இரண்டாவது, தகவமைப்பு நிதியம். கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் ஏற்பட்ட இந்நிதியம், பருவநிலை மாறுதலால் நேரும் இன்னல்களைத் தாங்கிக்கொள்ள மக்களைத் தயாரிக்கும் வேலைகளுக்கு உதவுகிறது. ஒரு நாடு தன் சொந்த ஸ்தாபனத்தின் மூலமே பணத்தைப் பெற இது வழிசெய்தது. இந்தியாவில் அவ்வாறு 2012-இல் அங்கீகாரம் பெற்றது நபார்டு வங்கி. ஆந்திரப் பிரதேசத்தின் கிருஷ்ணா மாவட்டக் கடற்கரையில் அலையாத்திக் காடுகளை மீட்கவும், அம்மரங்களுடன் மீன் வளர்ப்பை இணைத்துச் செய்யவும் இந்நிதியிலிருந்து ஏழு லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவான தொகை ஒதுக்கப்பட்டது.

மூன்றாவது, பசுமைப் பருவநிலை நிதியம். இது 2010-இல் கான்கூன் மாநாட்டில் தோற்றுவிக்கப்பட்டது. தலைமை அலுவலகம் தென் கொரியாவின் சாங்டோ நகரில் உள்ளது. இதன் உதவி பெரும்பாலும் பெரிய தொகை. ஒடிசாவின் பழங்குடிப் பகுதிகளில் குளங்களின் வழியே நிலத்தடி நீரை ஊட்டும் திட்டத்துக்கு 2017-இல் இந்நிதியம் 3 கோடியே 44 லட்சம் டாலர் அளிக்க இசைந்தது. திட்டத்தின் மொத்தச் செலவோ சுமார் 16 கோடியே 63 லட்சம் டாலர். அதாவது நிதியம் ஏற்றது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே. எஞ்சிய நான்கு பங்கைப் பிற வழிகளில் திரட்ட வேண்டியதாயிற்று. இத்திட்டமும் நபார்டு வங்கியின் மூலமே முன்வைக்கப்பட்டது.

இவற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். தனி ஒரு கிராமம் மூன்றாவது நிதியத்துக்கு விண்ணப்பம் எழுதுவது வீண் முயற்சி. அதற்கு உரியது முதல் வகையைச் சேர்ந்த சிறு மானியம். அல்லது மாவட்ட அளவில் வகுக்கப்படும் பெரிய திட்டத்தில் தன் கிராமத்தையும் சேர்க்கச் செய்வது.

எதற்குப் பணம் கிடைக்கும்?

உலகச் சுற்றுச்சூழல் நிதியம் ஒரு வேலையின் முழுச் செலவையும் ஏற்பதில்லை. 'கூடுதல் செலவு' என்பதே அதன் கொள்கை. ஒரு பள்ளியின் மதிய உணவுக் கூடத்தை உதாரணமாகக் கொள்வோம். அடுப்பு எப்படியும் வேண்டும். அந்தச் செலவு உள்ளூரைச் சார்ந்தது. விறகைக் குறைவாக எரிக்கும் சிறந்த அடுப்பு அமைப்பதற்குச் சற்று மிகுதியாகச் செலவாகும். அதனால் காடு காக்கப்படுகிறது, புகையும் குறைகிறது. உலகுக்கு நன்மை தரும் இந்த மிகுதிச் செலவையே நிதியம் ஏற்கும். தகவமைப்பு நிதியமோ, தகவமைப்புக்கு ஆகும் முழுச் செலவையும் ஏற்கக்கூடியது. ஆனால் அவ்வேலை பருவநிலை மாறுதலின் விளைவை எதிர்கொள்வதற்கே என்று விண்ணப்பதாரர் நிலைநாட்ட வேண்டும்.

'எங்கள் ஊர் ஏழை ஊர், உதவுங்கள்' என்று எழுதுவது ஆகவே போதாது. இன்ன நிலை இருந்தது, இன்ன வேலை செய்தால் இன்ன அளவு மாறும் என்று காட்ட வேண்டும். இங்கேதான் விஞ்ஞான முறை உதவிக்கு வருகிறது.

கிணற்றுப் பதிவேடு

வேலை தொடங்குவதற்கு முந்திய நிலையை அளந்து குறித்து வைப்பதே அடிப்படைக் கணக்கு. பல கிராமங்களில் இது செய்யப்படுவதில்லை. வேலை முடிந்தபின் நீர்மட்டம் உயர்ந்ததாக ஊரார் அனைவரும் கூறலாம். ஆனால் முன்னைய அளவு இல்லாதபோது அக்கூற்றுக்கு ஆதாரமில்லை. அடுத்த மானியம் கிடைக்காமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கெடுக்கும் முறை எளியது. ஊரின் பல பகுதிகளிலும் சில கிணறுகளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் மாறாத ஓர் அடையாளமிட்டு, அதிலிருந்து நீர்ப்பரப்புவரை உள்ள ஆழத்தை எடை கட்டிய அளவு நாடாவால் அளக்க வேண்டும். மாதந்தோறும் அதே தேதியில், காலையில் நீர் இறைப்பதற்கு முன் அளப்பது அவசியம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. ஜனவரி, கோடை, ஆகஸ்டு, நவம்பர் ஆகிய பருவங்களில் எடுக்கும் அளவுகளை அவற்றுடன் ஒப்பிடலாம். பள்ளியில் மழைமானி இருப்பின், அதன் அளவை நாள்தோறும் காலை 8.30 மணிக்குக் குறித்துக்கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டில் எந்த வேலையும் செய்யாத ஊரிலும் கிணறு நிரம்பும். ஆகவே மண்ணும் மழையும் ஒத்த அண்டைக் கிராமம் ஒன்றில் இரண்டு மூன்று கிணறுகளையும் உடன் அளந்துவர வேண்டும். உதாரணமாக, நம் ஊரில் மட்டம் 3 மீட்டர் உயர்ந்து, அண்டை ஊரில் 2 மீட்டர் உயர்ந்திருந்தால், நம் வேலையின் பயன் 1 மீட்டர் என்றே கொள்ள வேண்டும். 3 மீட்டர் என்று எழுதுவது நேர்மையன்று. குறைந்த பயனை உண்மையாகக் கூறும் அறிக்கை, மிகைப்படுத்திய அறிக்கையைக் காட்டிலும் நீண்ட நாள் நிலைக்கும்.

மாணவர்களைக் கொண்டு இப்பதிவேட்டை நடத்துவது கணிதத்துக்கும் பூகோளத்துக்கும் சிறந்த செய்முறைப் பாடமாகும். கிணற்றருகே சிறுவர்கள் செல்லும்போது ஆசிரியர் உடனிருக்க வேண்டும்.

பணம் தீர்ந்த பிறகு

மானியம் ஒரு நாள் முடிந்தே தீரும். அதன்பின் கரையைப் பழுதுபார்ப்பவர் யார்? மகாராஷ்டிரத்தில் 1992-இல் தொடங்கிய இந்திய-ஜெர்மானிய நீர்ப்பிடிப்பு அபிவிருத்தித் திட்டம் இவ்வினாவை முதலிலேயே எழுப்பியது. திட்டத்தில் சேர விரும்பிய கிராமத்தார் முன்கூட்டியே உடலுழைப்பு தந்து தம் உறுதியைக் காட்ட வேண்டியிருந்தது. மரம் வெட்டுவதற்கும், கால்நடைகளைக் கட்டுப்பாடின்றி மேய விடுவதற்கும் தடை விதிக்க அவர்களே இசைந்தனர். வேலை மலையுச்சியில் தொடங்கிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கியது. மேட்டிலிருந்து வரும் மண்ணைத் தடுக்காமல் தாழ்வில் அணை கட்டினால் அது விரைவில் தூர்ந்துவிடும் அல்லவா? மேய்ச்சல் தடையினால் முதலில் பாதிக்கப்படுவோர் நிலமற்றவர்களும் ஆடு வளர்ப்போருமே என்பதையும் ஊழியர் மறக்கலாகாது. அவர்களுக்குத் தீவனமோ வேலையோ கிடைக்க வழி செய்யாத ஒப்பந்தம் நெடுநாள் நில்லாது.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. வெளிநாட்டு நன்கொடை பெறும் தொண்டு நிறுவனம் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெற்ற நன்கொடையை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரலாகாது. ஊரின் சார்பில் விண்ணப்பிக்கும் நிறுவனம் இவ்விதிகளுக்கு உட்பட்டதா என்று முதலிலேயே கேட்டறிவது பின்னால் வரும் ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

நிதியத்தின் அறிவிப்பு எப்பொழுது வெளியாகும் என்பது நம் கையில் இல்லை. பதிவேட்டைத் தொடங்குவது நம் கையில் உள்ளது. ஓராண்டுக் கணக்கையேனும் வைத்திருக்கும் கிராமம், அறிவிப்பு வரும் நாளில் ஆயத்தமாக இருக்கும். மானியம் வராவிடினும், தன் நீரின் வரவு செலவை அறிந்த ஊர் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும்.

பயிற்சி வினாக்கள்

1. உமது கிராமத்துக்கு மிகவும் தேவையான ஒரு வேலையைக் குறிப்பிடுக. அதற்குரிய நிதியம் எது? ஏன்?

2. அவ்வேலையில் 'கூடுதல் செலவு' எது என்று பிரித்துக் காட்டுக.

3. ஒப்பிடுவதற்குரிய அண்டைக் கிராமத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பீர்?

4. மானியம் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பராமரிப்புப் பொறுப்பை யார் ஏற்பார்? அச்செலவுக்கு வழி என்ன?