அடிபட்ட ஆமையை உடனே தண்ணீரில் விடாதீர்கள்

அடைமழை பிடித்துவிட்டது. பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் பக்கம் வீட்டில் ஆமை வளர்ப்பவர்கள் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். மொட்டை மாடியிலோ வாசலிலோ இருக்கும் ஆமைத் தொட்டியை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். மழைநீரில் தொட்டி நிரம்ப நிரம்ப, அதன் விளிம்பு ஆமையின் காலுக்கு எட்டிவிடும். ஏறி வெளியே வந்த ஆமை மாடியிலிருந்து விழுகிறது, வண்டிச் சக்கரத்தில் மாட்டுகிறது, தெருநாயிடம் கடிபடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அப்படியொரு மழையில் திறந்தவெளித் தொட்டி எதுவும் நிரம்பி வழியாமல் இருக்காது.

அதையும் மீறி அடிபட்டுவிட்டால் முதல் காரியம், ஆமையைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஈரமில்லாத இடத்தில் வைப்பது. நீரில் வாழும் பிராணிதானே, தண்ணீரில் விட்டால் தானாகத் தேறிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த எண்ணம்தான் ஆமையைக் கொல்கிறது. ஆமை தன் கழிவைத் தொட்டித் தண்ணீரிலேயே விடுகிறது. அந்த நீர் ஓட்டின் விரிசல் வழியாக உள்ளே போனால் காயம் சீழ்பிடிக்கும். ஓடு என்பது வெறும் மூடி இல்லை. மேலே நகம் போன்ற தகடுகள், அவற்றுக்குக் கீழே விலா எலும்பும் முதுகெலும்பும் ஒன்றாய் இணைந்த உயிருள்ள எலும்பு. அதில் ரத்தம் ஓடுகிறது, வலியும் தெரியும். நுரையீரல் மேலோட்டை ஒட்டியே இருக்கிறது. அதனால் முதுகு விரிசலில் காற்றுக்குமிழி வந்தாலோ, ஆமை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ரத்தம் வந்தால் சுத்தமான காஸ் துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்ற பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனால் மண்ணும் அழுக்கும் போகக் கழுவுங்கள். மேலோட்டமான காயம் என்றால் போவிடோன் அயோடினை வெளிறிய டீ நிறம் வரும்வரை நீர்த்துத் துடைக்கலாம். காயம் ஆழமாக இருந்தால், உள்ளே சதை தெரிந்தால், எதையும் ஊற்றாதீர்கள். காஸ் வைத்து லேசாக மூடிக் கிளம்புங்கள். மஞ்சள், சாம்பல், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். எம்-சீலோ ஃபெவிக்விக்கோ வைத்து விரிசலை அடைப்பதும் வேண்டாம். அது கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை. ஓட்டை இணைப்பதா, எப்போது இணைப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மழைக்கால ஈக்கள் காயத்தில் முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். நாய்க்கும் மாட்டுக்கும் புழுவுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். ஊசியாகவோ வாய்வழியாகவோ அதைக் கொடுத்தால் ஆமை செயலிழந்து சாகும். யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். மாட்டுப் புண்ணில் விடும் டர்பன்டைனும் கூடாது. கண்ணுக்குத் தெரியும் புழுவைச் சிறு இடுக்கியால் எடுத்து, சலைனால் கழுவி, மீதியை மருத்துவரிடம் விடுங்கள். நாம் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரைகளும் ஆமைக்கு ஆகாது.

இந்தப் பருவத்தில் பெரிய பாடு கதகதப்புதான். ஆமை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி. உடம்பு குளிர்ந்தால் செரிமானம் நின்றுபோகும், நோய் எதிர்ப்பும் மந்தமாகும், மருந்தும் சரியாக வேலை செய்யாது. அகலமான பிளாஸ்டிக் டப்பில் வெளுத்த பழைய துண்டை விரித்து ஆமையை வையுங்கள். ஒரு மூலைக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பில் போதிய சூடு வராது. டப்புக்குள் தெர்மாமீட்டர் வைத்து 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் இருக்கும்படி உயரத்தைக் கூட்டிக் குறையுங்கள். அதிகமானால் விலகிப் போக மறு மூலை காலியாக இருக்கட்டும். புயலில் கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். துண்டை அன்றாடம் மாற்றுங்கள்.

உலர வைப்பது என்றால் தாகத்தில் வாட விடுவது இல்லை. கடையில் வாங்கி வளர்க்கும் சிவப்புக்காது ஆமை தண்ணீருக்குள் இருந்தால்தான் இரையை விழுங்கும். மருத்துவர் சரி என்றால் தினமும் அரை மணி நேரம், காயத்துக்குக் கீழே நிற்கும் அளவு வெதுவெதுப்பான சுத்தமான நீரில் விடுங்கள். குடிக்கும், கழியும், மனமிருந்தால் தின்னும். பிறகு நன்றாகத் துடைத்து டப்பில் வையுங்கள். சில நாள் தின்னாவிட்டால் பதற வேண்டாம். வாயைப் பிளந்து ஊட்டவும் வேண்டாம்.

மருத்துவரிடம் கொண்டுபோகும்போது தண்ணீர் வாளி கூடாது. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துண்டு போட்டு எடுத்துச் செல்லுங்கள். நம் பக்கத்தில் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேறு கிளினிக் என்றால் ஆமைக்குப் பார்த்த அனுபவம் உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். எக்ஸ்ரே தேவைப்படலாம். சில ஆன்டிபயாடிக் ஊசிகளை மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போடுவார்கள். ஆமையின் உடம்பு அவ்வளவு மெதுவாகத்தான் மருந்தைக் கழிக்கும், அதில் குறையில்லை. ஓட்டு எலும்பு ஒன்றுசேர மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. அசையாமல் கிடக்கிறதே என்று புதைத்துவிடாதீர்கள். குளிர்ந்த ஆமையின் இதயம் மிக மெதுவாகத் துடிக்கும். செத்துவிட்டது என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆமையைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமி குழந்தைகளைப் படுத்திவிடும்.

இவ்வளவும் கடையில் வாங்கிய சிவப்புக்காது ஆமைக்கு. மழையில் ரோட்டுக்கு வரும் பாலாமையோ காராமையோ அடிபட்டுக் கிடந்தால் பெட்டியில் உலர்வாக வைத்து வனத்துறையிடம் ஒப்படையுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மழை ஓய்ந்து தை பிறந்தால் பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வரும். காயத்தோடு ஒதுங்கியதைக் கடலுக்குள் தள்ளாதீர்கள். நிழல் கொடுத்து, மூக்கை மூடாமல் ஓட்டின் மேல் ஈரத்துணி போட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். வலையில் சிக்கி மயங்கிய ஆமையைப் படகிலேயே குப்புற வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். நுரையீரலில் புகுந்த நீர் வடியும். நாலைந்து மணி நேரம் கழித்தும் எழுந்திருக்கும், ஒரு நாள் வரை காத்திருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாஸ்து ஆமை என்று கைக்குள் அடங்கும் குஞ்சாக வாங்கிய சிவப்புக்காது ஆமை ஒரு அடி நீளம் வரை வளரும், முப்பது வருடம்கூட வாழும். காயம் பார்த்து அலுத்துப்போனாலும் ஊசுட்டேரியிலோ கழுவேலியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் மிசிசிப்பிப் படுகையைச் சேர்ந்த இந்த ஆமை, போன இடமெல்லாம் உள்ளூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்திருக்கிறது. வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.