தீவு நோயாளிக்கு நுரையீரல் ஸ்கேன்: முதல் தடவையே முழுதாக எடுப்பது எப்படி?

கார் நிகோபாரிலிருந்து கப்பலேறி ஸ்ரீ விஜயபுரம் (பழைய போர்ட் பிளேர்) வரும் நோயாளியிடம், படம் தெளிவில்லை, மறுபடி வாருங்கள் என்று சொல்வது எளிதல்ல. அதனால் நுரையீரல் முழுக்கப் பரவும் இடைத்திசு நோய்களுக்கு எச்.ஆர்.சி.டி. (உயர்தெளிவு சி.டி.) ஸ்கேன் எழுதும்போதே முன்யோசனை வேண்டும். எக்ஸ்ரே சரியாக இருக்கிறதே, ஸ்கேன் எதற்கு என்று கேட்கலாம். இந்நோய்களின் தொடக்கத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே தெரியக்கூடும். நாள்பட்ட வறட்டு இருமல், படியேறினால் மூச்சிரைப்பு, முதுகின் கீழ்ப்பகுதியில் நொறுநொறு ஒலி ஆகியவை சேர்ந்திருந்தால் எக்ஸ்ரேயோடு நிறுத்தக் கூடாது.

முதல் படி, ஸ்கேன் சீட்டில் நோயாளியின் வாழ்க்கையை எழுதுவது. இந்தியாவின் 27 மையங்களில் 1,084 நோயாளிகளைப் பதிவுசெய்து 2017-இல் வெளியான ஆய்வில், 47.3 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை நுரையீரல் அழற்சி இருந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். பூஞ்சையும் பறவைத் தூசியும் இதைத் தூண்டுபவை. அந்தமானின் ஈரக்காற்றில் சுவரும் மெத்தையும் பூஞ்சை பிடிக்கும். எனவே அதையும், புறா, கோழி வளர்ப்பையும், மூட்டுவலி, புகைப்பழக்கம், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளையும் கேட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, படமெடுப்பு. காண்ட்ராஸ்ட் ஊசி பெரும்பாலும் தேவையில்லை. 1.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய துண்டுகளாக, மூச்சை முழுக்க இழுத்துப் பிடிக்கச் சொல்லி எடுக்க வேண்டும். அரைமூச்சில் எடுத்தால் நல்ல நுரையீரலும் மங்கலாகத் தெரியும். பிறகு குப்புறப் படுக்கவைத்து ஒன்று: மல்லாந்திருக்கையில் பின்பக்கம் தெரிந்த மங்கல் மறைந்தால் அது எடையால் வந்தது, நிலைத்தால் நோய். மூச்சை வெளிவிட்ட நிலையில் இன்னொன்று: சிறு குழாய்களில் காற்று சிக்கியிருப்பதை இதுவே காட்டும். கதிர்வீச்சு அதிகமாகாதா என்றால், ஆகும். ஆனால் இவ்விரண்டையும் குறைந்த அளவில் எடுக்கலாம். அரைகுறைப் படத்தைத் திரும்ப எடுப்பதில்தான் வீண் கதிர்வீச்சு.

மூன்றாவது, வாசிப்பு. எங்கே பரவியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அடிப்பகுதியில், நுரையீரல் உறையை ஒட்டித் தேன்கூடு வடிவம் இருந்தால் இடியோபதிக் ஃபைப்ரோசிஸை நினைக்கலாம். காரணம் வேறில்லை என உறுதியானால் பயாப்சியும் வேண்டியதில்லை. வெளிர், சாம்பல், கருப்பு என மூன்று அடர்த்திகள் கலந்திருந்தால் ஒவ்வாமை அழற்சி வலுவான ஐயம். எங்கும் ஒரே சீராகச் சிதறிய பொடிப்புள்ளிகள் என்றால் மிலியரி காசநோயை விலக்காமல் ஸ்டீராய்டு தொடங்காதீர்கள்.

படமே தீர்ப்பாகிவிடாதா? ஆகாது. ஒரே வடிவம் பல நோய்களில் வரும். ஆகவே கடைசிப் படி: ஃபிலிமை மட்டும் நம்பாமல், முழு ஸ்கேனையும் குறுந்தகட்டில் பதிந்து வாங்கி, நுரையீரல், ரேடியாலஜி, மூட்டுவாத மருத்துவர்கள் சேர்ந்து பார்க்கச் செய்யுங்கள். நோயாளியைச் சென்னைக்கு அனுப்புமுன் படத்தை அனுப்புங்கள்.