ஒரே ஊரில் வெள்ளமும் வறட்சியும்

கேள்வி: 2015-இல் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, 2019-இல் குடிநீருக்குத் தவித்தது. பூமியின் வெப்பம் கூடுவதே இவ்விரண்டிற்கும் காரணம் என்பது முரணாகத் தோன்றவில்லையா?

பதில்: தங்கள் சந்தேகம் நியாயமானதே. ஆகாயத்தை ஒரு பாத்திரமாகப் பாவித்தால், உஷ்ணம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறுந்தோறும் அது சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் சக்தி பெறுகிறது. ஆயினும் உலகில் பெய்யும் மொத்த மழையோ டிகிரிக்கு இரண்டு மூன்று சதவீதமே கூடுகிறது. சூட்சுமம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. பெரிதாகிவிட்ட பாத்திரம் நிறைவதற்கு நாள் பிடிக்கிறது; அந்த இடைக்காலத்தில், தாகம் மிகுந்த காற்றானது ஏரியிலும் வயலிலும் மரஞ்செடிகளிலும் உள்ள ஈரத்தை முன்னிலும் மூர்க்கமாக உறிஞ்சிவிடுகிறது; பிறகு கவிழும்போதோ, பல நாள் பரவலாகப் பெய்ய வேண்டியதை ஓரிரு தினங்களில் கொட்டித் தீர்த்துவிட, அந்நீர் மண்ணில் ஊற அவகாசமின்றிக் கடலை அடைகிறது.

இது பொது விதி. ஆனால், 2015 டிசம்பர் மழைக்கு வெப்பமே காரணம் என்று அறுதியிட்டுரைக்க ஆராய்ச்சி இடந்தரவில்லை. அவ்வாண்டு பசிபிக் சமுத்திரத்தின் நீர் வழக்கத்திற்கு மீறிச் சூடேறும் எல் நினோ உக்கிரமாக இருந்தது. மழைநீரைத் தாங்கிவந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடங்களுக்குத் தாரைவார்த்தவர்களும் நாம்தாமே! 2019-இலோ, நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டுபோக, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னையின் வில்லிவாக்கத்திற்கு ரயிலில் தண்ணீர் வந்தது.