கல்கத்தாக் கிண்ணம் தந்த கழகம்

உதைபந்தாட்டம் என்றால் பந்தைக் காலால் உதைப்பதே என்பர் நம் மாணவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர், பந்தைக் கையிலேந்தி ஓடும் றக்பி ஆட்டத்தையும் அப்பெயராலேயே வழங்கினர். கல்கத்தா உதைபந்தாட்டக் கழகமும் அவ்வகையினதே.

1872ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று கல்கத்தாவிலே, ஒருபுறம் இங்கிலாந்தினரும் மறுபுறம் ஸ்கொத்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டினருமாக, பக்கத்துக்கு இருபதின்மர் நின்று ஆடினர். அடுத்த மாதமே கழகம் தோன்றிற்று. வங்காளத்து வெப்பத்தில் றக்பி! நெடுநாள் நிலைத்திருந்தாலன்றோ வியப்பு. கழகத்தில் இலவசமாக வழங்கப்பெற்ற மது நின்றதும் உறுப்பினர் குறைந்தனர். ஆட்டக்காரரைத் தந்துவந்த படைப்பிரிவும் நகரை விட்டகன்றது. எஞ்சியோரைப் போலோவும் தெனிசும் ஈர்த்துக்கொண்டன.

கலையும் கழகத்தின் கையிருப்பை என் செய்வது? விருந்துண்டு தீர்த்திருக்கலாம்; பங்கிட்டிருக்கலாம். சங்கக் கணக்கேடு எழுதும் பழைய மாணவர் இவ்விடத்தைக் கவனித்தல் நன்று. காரியதரிசியும் பொருளாளருமாயிருந்த றொத்னி என்பார், 1877 டிசெம்பர் 20ஆந் திகதி இங்கிலாந்து றக்பிச் சங்கத்துக்கு எழுதி, அப்பணத்தில் ஒரு வெற்றிக் கிண்ணம் செய்தளிக்க முன்வந்தார். வங்கியிலிருந்த பணம் வெள்ளி ரூபாய்களாகவே எடுத்து உருக்கப்பட்டது. அவ்வெள்ளியில் இந்தியத் தட்டார் கைவண்ணத்தில் எழுந்த கிண்ணத்துக்கு மூன்று நாகங்கள் கைபிடிகள். மூடிமேல் ஒரு யானை.

கழகங்கள் யாவும் அதற்காகப் போட்டியிடவேண்டும் என்பதே கொடுத்தவர் விருப்பம். பரிசுக்காக ஆடுதல், ஊதியம் கருதாது ஆடும் கனவான்களின் பண்பைக் கெடுக்கும் என அஞ்சிய சங்கம் இசையவில்லை. அச்சம் மிகையென்றே எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்து-ஸ்கொத்லாந்து ஆட்டத்துக்கென அது ஒதுக்கப்பட்டது. 1879 மார்ச் 10ஆந் திகதி எடின்பரோவில் நடந்த முதலாட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இன்றும் அவ்விரு நாடுகளும் ஆண்டுதோறும் அக்கிண்ணத்துக்காகவே பொருதுகின்றன.